ஜமீனுக்குப் பத்து மடங்கு

சீனியம்மாள் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள். இங்கிலீஷில் பதினெட்டு. அந்தப் பதினெட்டு அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பியது. தொண்ணூற்றாறு அவளோடேயே வந்தது.

அவளுடைய கணவன் ராக்கப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சிலை செய்கிறவன். கல் சிலை இல்லை, சிமெண்டுச் சிலை. கோயில் மதிலுக்குப் பூதம், ஊர் எல்லைக்குக் குதிரை, கல்யாண மண்டப வாசலுக்கு யானை. கலவையைக் கையில் எடுத்தால் அது கண்ணும் மூக்குமாக எழுந்து உட்காரும். ஆனால் இதற்கு எத்தனை மூட்டை பிடிக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பான். அப்போது உள்ளேயிருந்து சீனியம்மாளின் குரல் வரும். அவள் சொன்ன மூட்டைக் கணக்கு அரை மூட்டைகூடத் தப்பியதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம், ராஜபாளையத்திலிருந்து ஆள் வந்தது. தென்காசி ரோட்டில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் கூப்பிடுகிறார் என்றார்கள். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

சௌந்தரபாண்டியன் வளர்த்த நாய் செத்துப்போயிருந்தது. அதன் பெயர் ஜமீன். சுத்தமான ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு, குச்சி குச்சியான கால்கள். ஆலை வாசலில் அதற்குச் சிலை வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. காரணமும் வைத்திருந்தார். தேவதானத்தில் இருக்கும் அவருடைய தோப்பில், ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜமீன் ஒரு சிறுத்தையை எதிர்த்து நின்று விரட்டியிருக்கிறது. அதை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்தத் தாலுகாவில் குறைவு.

முதலில் ஓரடி உயரத்துக்கு ஒரு மாதிரி செய்து கொண்டுவரச் சொன்னார். ராக்கப்பன் இரண்டு வாரத்தில் செய்துகொண்டு போனான். நாய் நான்கு காலில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது. சௌந்தரபாண்டியன் அதை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இதே மாதிரி பத்தடி உயரம். இதுல எது எங்க இருக்கோ அது அங்க இருக்கணும். ஒரு நூல் மாறக் கூடாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள காலியா, பொக்கா வைக்கக் கூடாது ராக்கப்பா. என் நாய் பொக்கு நாய் இல்ல" என்றார்.

சாமான்களை ஆலையே கொடுக்கும் என்று ஏற்பாடு. அதைக் கவனித்துக்கொள்ள மேனேஜர் ஐயாதுரையிடம் சொல்லிவிட்டு, சரக்கு விஷயமாக சௌந்தரபாண்டியன் மூன்று வாரம் பம்பாய்க்குப் போய்விட்டார்.

ஐயாதுரை சிக்கனமான மனுஷர். ஆலையில் குண்டூசி தொலைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. மாதிரி நாயைத் தராசில் வைத்து நிறுத்தார். ஆறு கிலோ இருந்தது. அதைச் செய்ய எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மணல், எவ்வளவு பெயிண்ட் ஆனது என்று கேட்டார். சிமெண்ட் ஒன்றரைக் கிலோ, மணல் நாலரைக் கிலோ, வெள்ளைப் பெயிண்ட் ஐம்பது மில்லி என்று சீனியம்மாள் சொன்னாள். கழுத்தில் கட்டியிருந்த சின்னச் சங்கிலி எட்டு அங்குலம்.

ஐயாதுரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்யத்தைப் போட்டார்.

"சிமெண்ட் பதினஞ்சு கிலோ, மணல் நாப்பத்தஞ்சு கிலோ, பெயிண்ட் அரை லிட்டர், சங்கிலி எம்பது அங்குலம். சரிதான?"

"சங்கிலி சரி சார். மத்தது காணாது" என்றாள் சீனியம்மாள்.

"ஏன் காணாது? ஓரடி நாய் பத்தடி ஆகுது. பத்து மடங்குதான?"

"உசரம் பத்து மடங்கு. நீளமும் பத்து மடங்கு ஆகுதுல்ல சார், அகலமும் ஆகுதுல்ல? பத்தும் பத்தும் நூறு, நூறும் பத்தும் ஆயிரம். கலவை ஆயிரம் மடங்கு வேணும். முப்பது மூட்டை சிமெண்டு, ஒரு லாரி மணலு. பெயிண்டு மேல்தோலுக்கு மட்டும்தான, அது நூறு மடங்கு போதும். அஞ்சு லிட்டர்."

ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். சிமெண்ட் கிராக்கியாக இருந்த காலம் அது. மூட்டையில் பாதியைச் சுவருக்குப் போட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோன கொத்தனார்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆனால் பதினைந்து கிலோ வாங்க வேண்டிய இடத்தில் முப்பது மூட்டை கேட்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"நான் பி.காம். படிச்சவன்மா" என்றார்.

சீனியம்மாள் அதற்கு மேல் வாதாடவில்லை. "சரி சார். நீங்க சொல்ற கணக்கையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நீங்க குடுக்கிற சாமானுல எம்புட்டு வேலை வருதோ அம்புட்டையும் ஒழுங்கா செஞ்சு வச்சிருதோம்" என்றாள்.

ஐயாதுரை சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்; ஆலை முத்திரையும் குத்தினார்.

பஸ்ஸில் ராக்கப்பன் மெதுவாகக் கேட்டான். "ஏட்டி, அறுவது கிலோ கலவைக்கு என்ன வரும்?"

"நாலு பாதம் வரும்" என்றாள் சீனியம்மாள்.

வந்தது. ஆலை வாசலில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த மேடைமேல், பத்தடி நாய்க்கு எங்கெங்கே பாதம் இருக்கவேண்டுமோ அங்கங்கே நான்கு பாதங்களை ராக்கப்பன் செய்து முடித்தான். விரலும் நகமுமாக, உயிரோடு இருப்பதுபோல் இருந்தன. கணுக்காலுக்குக் கீழே கலவை தீர்ந்துவிட்டது. சீனியம்மாள் அவற்றுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாள். ஒரு கை பூசினாள், இரண்டு கை பூசினாள், நாலு கை பூசியும் டப்பாவில் பாதி மிச்சமிருந்தது. அதை மூடி ஐயாதுரையிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது, பாதம் மட்டும் நிக்கிது?"

"நீங்க கலவைல நூத்துல ஒரு பங்கு குடுத்திய சார். பெயிண்டுல பத்துல ஒரு பங்கு குடுத்திய. அதான் கலவை தீந்துபோச்சு, பெயிண்டு மிஞ்சிப்போச்சு. சங்கிலி மட்டும் அளவா இருக்கு. கட்டத்தான் நாய் இல்ல."

எண்பது அங்குலச் சங்கிலியை நான்கு பாதங்களுக்கு நடுவில் அழகாகச் சுருட்டி வைத்துவிட்டு இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஆலை வாசலுக்கு எதிரேதான் பஸ் ஸ்டாப். இரண்டு நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஜமீன் மேலே போகிற அவசரத்தில் பாதத்தை விட்டுவிட்டுப் போய்விட்டது என்றார்கள் சிலர். சேத்தூர்ப் பக்கமிருந்து வந்த இரண்டு பெண்கள் ஏதோ புது சாமி என்று நினைத்துப் பூ வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். நைட் ஷிப்டு முடித்து வந்தவர்கள் அந்தப் பூவை எடுக்கவும் பயந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

சௌந்தரபாண்டியன் பம்பாயிலிருந்து வந்து இறங்கியபோது பாதங்களுக்குக் குங்குமமும் ஏறியிருந்தது. கார் நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி நெடுநேரம் பார்த்தார். அப்புறம் ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்தார்.

ஆபீஸ் அறையில் ஐயாதுரை முன்பே நின்றிருந்தார். சீனியம்மாள் முத்திரை குத்திய தாளை மேஜைமேல் வைத்தாள். தான் சொன்ன கணக்கையும் ஒருமுறை சொன்னாள். சௌந்தரபாண்டியன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து குடோனுக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

அங்கே பேண்டேஜ் சுருள் அடைக்கிற அட்டைப்பெட்டிகள் இரண்டு அளவில் அடுக்கியிருந்தன. அரையடிப் பெட்டி, ஓரடிப் பெட்டி. ஒரு பெரிய பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டார்.

"ஐயாதுரை, சின்னப் பெட்டிய எடுத்து இதுக்குள்ள அடுக்கு."

ஐயாதுரை அடுக்கினார். அடியில் நாலு போயின. அதன்மேல் நாலு. எட்டாவது பெட்டியைச் சொருகியபோதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அளவு எத்தன மடங்கு?"

"ரெண்டு மடங்கு மொதலாளி."

"உள்ள எத்தன போச்சு?"

"எட்டு."

"இந்தப் பெட்டிக்கு அட்டை எத்தன மடங்கு வாங்குறோம்? நாலு மடங்கு. நாலு மடங்கு அட்டைல எட்டு மடங்கு சரக்கு போகுதுன்னுதான நான் பெரிய பெட்டிக்கு மாறினேன்? அந்த மிச்சத்துலதான இந்தக் கட்டடம் நிக்கிது? பில்லு போடுறது நீரு. உமக்கு நாயின்ன உடனே கணக்கு மறந்து போச்சா?"

ஐயாதுரை பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்பவும் ஒருமுறை எண்ணினார்.

மறுநாளே லாரி மணல் வந்தது. முப்பது மூட்டை சிமெண்டும் வந்தது. கம்பி கட்டி, சாரம் போட்டு, கால் நான்கையும் எழுப்பி, வயிற்றுக்கடியில் பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்து, ராக்கப்பன் உடம்பை ஏற்றினான். பங்குனி பிறப்பதற்குள் தலை வந்துவிட்டது. மாதிரியில் எது எங்கே இருந்ததோ அது அங்கே இருந்தது. சௌந்தரபாண்டியன் தினமும் மாதிரியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்ப்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

முட்டு எடுக்கிற நாள் வந்தது. சீனியம்மாள் ஒவ்வொரு கட்டையாகத் தளர்த்தச் சொன்னாள். மூன்றாவது கட்டையைத் தளர்த்தியபோது 'டப்' என்று ஒரு சத்தம். வலது பின்னங்கால் வளைகிற இடத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடியது.

"கட்டைய வையி" என்றாள் சீனியம்மாள். வைத்தார்கள்.

சௌந்தரபாண்டியன் ஓடிவந்தார். கையில் இருந்த மாதிரியைத் தூக்கிக் காட்டினார். "இது நிக்கிதுல்ல? இதே கால்தான? அது ஏன் நிக்காது?"

"அதுக்கும் கணக்கு இருக்கு மொதலாளி" என்றாள் சீனியம்மாள். "கனம் ஆயிரம் மடங்கு ஏறிப்போச்சு. கால் அம்புட்டு ஏறல. காலோட தாங்குசக்தி அதோட குறுக்குவெட்டுல இருக்கு, கரும்ப வெட்டுனா வட்டமா தெரியும்லா, அதுல. அது நூறு மடங்குதான். சின்ன நாய் கால்ல ஒரு ஆள் தூக்குற சுமைய, பெரிய நாய் கால்ல அதே ஆளு பத்து ஆள் சுமையா தூக்குதான். முன்னங்கால் நேரா நிக்கிறதால சமாளிக்கிது. பின்னங்கால் வளைஞ்சு நிக்கிது, அது எப்படித் தாங்கும்? யானை கால் உரல் மாதிரி இருக்குறது அழகுக்கா?"

"அப்ப கால தடியாக்கு."

சொல்லிவிட்டு அவரே மாதிரியைப் பார்த்தார். "வேண்டாம். உரல் கால் வச்சா ஜமீன் இல்ல, பன்னி."

"உள்ள கொஞ்சம் பொக்கா வச்சுக் கட்டலாம்."

"முடியாது."

"வயித்துக்குக் கீழ ஒரு தூண் குடுத்துரலாம்."

"நாய்க்கு முட்டுக் குடுத்தா நொண்டி நாய்னு சொல்லுவான். ஏற்கெனவே குங்குமம் வச்சுட்டுப் போறான். நீங்க என்னவும் செய்ங்க, தூண் மட்டும் கண்ணுல தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாதிரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டில். அவருடைய மனைவி ஆவுடையம்மாள் இலை போட்டுப் பரிமாறினார். ராக்கப்பன் கவலையில் ரசம் வரைக்கும் வராமலே எழுந்து கைகழுவப் போய்விட்டான். சீனியம்மாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவிய ஒண்ணு பிடிச்சா பிடிச்சதுதான் ஏட்டி" என்றார் ஆவுடையம்மாள், மோரை ஊற்றியபடி. "அந்தச் சிறுத்தை கதையும் அப்படித்தான்."

"நீங்க பாத்தியளா அக்கா?"

"நான்தான பாத்தேன். அவிய அப்ப மோட்டார் ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருந்தாவ. அது காட்டுப்பூனை. கொஞ்சம் பெருசு, அம்புட்டுதான். முதுக வில்லா வளைச்சுக்கிட்டு சீறுச்சு பாரு, ஜமீனும் பாவம், நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. ஆனா ஓடல. அதுக்கே சிலை வைக்கலாம்தான். அது அவியளுக்குக் காணல. முத வருசம் பூனைன்னுதான் சொன்னாவ. பொறவு பெரிய பூனைன்னாவ. மூணாம் வருசம் புள்ளி வந்திருச்சு."

சீனியம்மாள் மோர்ச்சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். இலையை மடக்கும்போது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ராக்கப்பன் அதைப் பார்த்து மேலும் கவலைப்பட்டான். அந்தச் சிரிப்போடுதான் அவள் நாலு பாதம் வரும் என்றும் சொன்னாள்.

சாயங்காலம் அவள் சௌந்தரபாண்டியனிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, ஜமீன் தனியா நின்னா யாருக்கு என்ன தெரியும்? வயித்துக்குக் கீழ அந்தச் சிறுத்தையையும் வச்சிருவோம். ஜமீன் அத காலுக்கு நடுவுல மடக்கி நிக்கிற மாதிரி. சிறுத்தை பயந்துபோயி முதுக வளைச்சுச் சீறுது. அந்த முதுகு ஜமீன் வயித்தத் தொடும். கனம் அதுல இறங்கிரும். தூணும் ஆச்சு, கதையும் ஆச்சு."

சௌந்தரபாண்டியன் எழுந்து நின்றுவிட்டார். இது ஏன் முதலிலேயே தனக்குத் தோன்றவில்லை என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் விரலை நீட்டி, "அதுலயும் அளவு மாறக் கூடாது. ஜமீன் எந்தக் கணக்குல பெருசாச்சோ சிறுத்தையும் அதே கணக்குலதான்" என்றார்.

"ஒரு நூல் மாறாது மொதலாளி" என்றாள் சீனியம்மாள்.

இருபது நாளில் அது எழுந்தது. நான்கு குட்டையான தடித்த கால்கள், வில்லாக வளைந்த முதுகு, பின்னுக்கு மடங்கிய காது, திறந்த வாய். ராக்கப்பன் கேள்வி கேட்காமல் செய்தான். மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் புள்ளிகளை வைத்தது சீனியம்மாள். முட்டுக்கட்டைகளை எடுத்தபோது சத்தம் எதுவும் வரவில்லை. விரிசலை அடைத்துப் பூசினார்கள். இப்போது எண்பது அங்குலச் சங்கிலிக்கும் கழுத்து கிடைத்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஐயாதுரை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்டி அடுக்கிய நாளிலிருந்து அவர் எதையும் ஒருமுறை பெருக்கி, ஒருமுறை வகுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. சிறுத்தையின் மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை டேப்பைப் பிடித்தார். நோட்டில் குறித்தார். சீனியம்மாளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஜமீன் உயிரோட இருந்தப்ப ரெண்டரை அடி உசரம். இப்ப பத்தடி. நாலு மடங்கு."

"ஆமா சார்."

"சிறுத்தை எட்டடி நீளம் இருக்கு. நாலால வகுத்தா ரெண்டடி வருது." அவர் சிலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டடில சிறுத்தை உண்டாம்மா?"

"வகுத்தது நீங்க சார். நான் பெருக்க மட்டும்தான் செஞ்சேன்."

ஐயாதுரை நோட்டுத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருடைய பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளியிடம் வாங்கிய ஏச்சு அத்தனையும் அந்த ஒரு தாளில் கழிந்துவிட்டது போலிருந்தது.

விழா நன்றாக நடந்தது. மேளம் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தார்கள். சௌந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்துத் தேவதானத்துத் தோப்பில் நடந்ததைச் சொன்னார். மோட்டார் ரூம் அதில் வரவில்லை. வந்திருந்தவர்களில் காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வேல்சாமி என்று பெயர். அவர் பால்கோவாவைத் தின்றுகொண்டே சிலையைப் பார்த்தார். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தார்.

"நாய் அச்சு அசலா இருக்கு" என்றார். "சிறுத்தைதான் ரொம்பச் சின்னதா தெரியுது. முதுகு வளைச்சிருக்கிறதப் பாத்தா வேற என்னமோ மாதிரி இருக்கு."

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐயாதுரையின் கை சட்டைப்பைக்குப் போனது. ராக்கப்பன் வானத்தைப் பார்த்தான். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று அப்போதுதான் சீனியம்மாளுக்குத் தோன்றியது.

சௌந்தரபாண்டியன் சிலையைப் பார்த்தார். பத்தடி நாயைப் பார்த்தார், அதன் கீழே இருந்ததைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண் சுருங்கியது. அது சீனியம்மாளிடம் போய், அங்கிருந்து மனைவியிடம் போய், திரும்பியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"அது குட்டி" என்றார்.

"குட்டியா?"

"பொறவு? தாய் மரத்து மேலல்லா இருந்துச்சு. அதையும் பாத்துக்கிட்டு இதையும் பாத்துக்கிட்டு நின்னான் ஜமீன். அந்தச் சிலை தனியா வருது. வேலை நடக்குது."

வேல்சாமி அப்படியா என்று சொல்லி இன்னொரு பால்கோவா எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சௌந்தரபாண்டியன் சீனியம்மாளையும் ராக்கப்பனையும் ஐயாதுரையையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று ராக்கப்பன் நினைத்தான். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்.

"சாப்பாடு போட்டவ சொன்னாளா?"

சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப தாய்ச் சிறுத்தைக்கு என்ன செய்றது?"

யாரும் சொல்லாமலே ஐயாதுரை நோட்டை விரித்தார். "உயிரோட எம்புட்டு நீளம் மொதலாளி?"

சௌந்தரபாண்டியன் இரண்டு கைகளையும் விரித்தார். போதவில்லை என்று தோன்றியது போலும். எழுந்து நின்று இன்னும் விரித்தார். ஐயாதுரை ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை டேப்பைப் பிடித்தார்.

"அஞ்சே முக்காலடி. நாலு மடங்கு நீளம், பதினாறு மடங்கு பெயிண்டு, அறுவத்துநாலு மடங்கு கலவை" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "மரமும் வேணும். மரம் எப்படிம்மா, கலவை நெறைய இழுக்குமா?"

"கலவை இழுக்காது சார். பெயிண்டு இழுக்கும்" என்றாள் சீனியம்மாள். "ஒவ்வொரு இலைக்கும் மேல் பக்கம் உண்டு, அடிப்பக்கம் உண்டு. கைக்குள்ள அடங்குற சிமெண்ட ஆயிரம் இலையா தட்டுனா ஒரு வீட்டுச் சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டக் குடிச்சிரும். அதுல இந்த வருசம் முடிஞ்சிரும் எங்களுக்கு."

ஐயாதுரை பேனாவைக் கீழே வைத்தார். சௌந்தரபாண்டியன் கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்தார். தேவதானத்துத் தோப்பு அவர் கண்ணுக்குள் மெதுவாக விரிந்துகொண்டிருப்பது தெரிந்தது.

"பட்ட மரம்தான்" என்றார் கடைசியில். "இப்பத்தான் ஞாபகம் வருது. ஒரு இலை கிடையாது."